கசிவு நின்ற பிறகு

எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகினாலும், பார்த்த மாத்திரத்தில் "வாஷர் தேஞ்சிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிடுவார். அதனாலேயே அவருக்கு வாஷர் என்று பெயர் விழுந்துவிட்டது. மொட்டை மாடித் தொட்டியே பிளந்து தலையில் விழுந்தாலும் இந்த மனுஷன் வாஷர் என்றுதான் சொல்வான் என்று கடைத்தெருவில் கிண்டல் பண்ணுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஐம்பத்திரண்டு வயது, குட்டை உருவம், ஓயாத வாய். குழாய் வேலையில் பாதி வாயால்தான் நடக்கிறது என்பது அவருடைய கட்சி. ஜனங்கள் ஒழுகலுக்குப் பயப்படுவதைவிட, அது என்ன ஏது என்று தெரியாததற்குத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். முதலில் அந்தப் பயத்தை அடைக்க வேண்டும் என்பார்.

அவருடைய அண்ணன் நேர் எதிர். ஆறு வயது மூத்தவர். ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசினால் அதிகம். சுவருக்குள் எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பது அவர் வேலை. நீளமான இரும்புக் கம்பி ஒன்றின் ஒரு முனையைச் சுவரில் வைத்து, மறுமுனையைக் காதோடு ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி நிற்பார். வீட்டுக்காரர்கள் ஏதாவது கேட்டால் கையை மட்டும் உயர்த்துவார். பிறகு சாக்குக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, "இங்க" என்பார். உடைத்துப் பார்த்தால் அங்கேதான் இருக்கும். உடைப்பது, குழாயை மாற்றுவது, பூசுவது எல்லாம் தம்பி. முப்பது வருடமாக இருவரும் இப்படித்தான் பிழைத்தார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் இருவருக்கும் ஒத்துப்போகாது. ஒழுகல் நின்றதும் வாஷர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். "நின்னுடுச்சு. இனி நிம்மதியாத் தூங்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் அந்த வீட்டையே மறந்துவிடுவார். அண்ணனோ நாலு நாள் கழித்து, யாரும் கூப்பிடாமலே திரும்பிப் போவார். உள்ளங்கையால் சுவரைத் தடவிப் பார்ப்பார். ஒழுகல் நின்றாலும் இறங்கிய தண்ணீர் உள்ளேதான் இருக்கும், பூச்சு அதற்கப்புறம்தான் உப்பும் என்பது அவர் அனுபவம். வாஷருக்கு அது வெட்டி வேலை. "அண்ணன் ஓசிக் காபி குடிக்கக் கிளம்பிட்டாரு" என்று மனைவியிடம் கேலி செய்வார்.

அண்ணனுக்கு மனைவி இல்லை. போய்ச் சேர்ந்து பதினேழு வருடம் ஆகிறது. கீழ் வீட்டில் தம்பி குடும்பம், மேலே ஒற்றை அறையில் அண்ணன். அவருடைய ஒரே மகளுக்கு இருபத்தாறு வயதாகிவிட்டது, ஆனாலும் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். மூன்று மாதம் முன்புதான் கடல் தாண்டி ஒரு சரக்குக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். போன் வரும்போது அண்ணன் காதில் வைத்துக்கொண்டு "ம்... ம்..." என்பார். அந்த இருபது வார்த்தையில் பாதி அவளுக்குத்தான் போகும்.

அது நடந்தது ஒரு காலை நேரம். அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில், மோட்டார் அறையில், அண்ணன் கம்பியைக் காதில் வைத்து நின்றார். வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். "என்னண்ணே, சுவரோட சம்பந்தம் பேசுறியா?" என்றார் வாஷர். அண்ணன் ஏதோ சொன்னார். நாக்கு தடித்துக் குழறியது. கம்பி கையிலிருந்து நழுவி விழுந்தது. வலது கால் மடங்கி அவரும் சரிந்தார். தரை ஈரமாக இருந்ததால் வழுக்கிவிட்டது என்றுதான் வாஷர் நினைத்தார். தேய்ந்த செருப்பைப் போட்டுக்கொண்டு வருகிறாயே என்று திட்டிக்கொண்டே தூக்கினார். தூக்கியபோதுதான் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருப்பதைப் பார்த்தார். அப்புறம் திட்டவில்லை.

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குள் இடது பக்கம் ஒரு ரத்தக்குழாய் வெடித்திருக்கிறது என்று சொன்ன டாக்டர் இளம்பெண். கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு. "பிரஷர் மாத்திரை சாப்பிடுறாரா?" என்று கேட்டாள். மாத்திரை வீட்டில் இருந்தது. தலை வலித்தால் மட்டும் அண்ணன் போட்டுக்கொள்வார்.

மறுநாள் காலை இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினாள். "கசிவு நின்னிருக்கு சார். நேத்து இருந்த அளவுதான் இன்னிக்கும் இருக்கு. ஆனா..."

கசிவு என்பது வாஷருக்குத் தெரிந்த வார்த்தை. நின்றுவிட்டது என்பது அதைவிட நன்றாகத் தெரிந்த வார்த்தை. அதற்குப் பிறகு டாக்டர் பேசியதெல்லாம் காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. வீட்டுக்காரர்கள் இவருக்குத் தலையாட்டுவார்களே, அதே மாதிரி இவரும் தலையாட்டினார். வராந்தாவுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாப்பாவுக்குப் போன் போட்டார்.

அவள் விமானத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டிருந்தாள். அழுதழுது குரல் கம்மியிருந்தது. "சித்தப்பா, இன்னும் ரெண்டு மணி நேரத்துல கிளம்புறேன்."

"எதுக்குடா பதறுற? நின்னுடுச்சு! டாக்டரே சொல்லிட்டாங்க. கையைக் காலை அசைக்கிறாரு, பேசுறாரு. இப்பதான் வேலைக்குச் சேர்ந்திருக்க, லீவு போட்டா அவன் வேற ஆளைப் பார்த்துடுவான். ரெண்டு வாரம் கழிச்சு நிதானமா வா. அப்பா எந்திரிச்சு உக்காந்திருப்பாரு."

"நெஜமாவா சித்தப்பா?"

"நான் என்னிக்காவது பொய் சொல்லியிருக்கேனா?"

அவள் நம்பினாள். அவர் பேச்சை நம்பாதவர்கள் அந்தத் தெருவிலேயே இல்லை. விமானச் சீட்டை ரத்து செய்துவிட்டு, முப்பது மணி நேரமாகத் தூங்காதவள் படுக்கப் போனாள்.

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அண்ணனைப் பார்க்க விட்டார்கள். வலது கை சற்று தளர்ந்திருந்தது. பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. "மோட்டார் ரூம் என்னாச்சு?" என்றுதான் முதலில் கேட்டார். வாஷருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அண்ணன் இடது கையை நீட்டினார். "பாப்பாவுக்குப் போன் போடு. ஒண்ணு சொல்லணும்."

வாஷர் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். "அங்க இப்ப நடு ராத்திரிண்ணே. அவ தூங்கிட்டிருப்பா. நாளைக்குப் பேசிக்கலாம்."

அண்ணன் கொஞ்ச நேரம் தம்பியையே பார்த்தார். "சரி" என்றார்.

மூன்றாம் நாள் காலை கூப்பிட்டபோது அண்ணன் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொண்டார். தூக்கக் கலக்கம் என்று நர்ஸ் சொல்லவில்லை. வாஷரே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மதியம் வலது கை கிள்ளினாலும் அசையவில்லை. சாயங்காலம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நாலாம் நாள், தோளைத் தட்டினால் ஒரு முனகல் மட்டும் வந்தது.

வாஷர் டாக்டரை வராந்தாவில் மடக்கினார். முப்பது வருடத்தில் யாரிடமும் அப்படிக் கத்தியதில்லை. "நேத்தைக்கு முந்தினநாள் என்கிட்ட உக்காந்து பேசின மனுஷன்! என்ன ஊசி போட்டீங்க? நின்னுடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"கசிவு நின்னுதான் இருக்கு சார்" என்றாள் டாக்டர். குரலை உயர்த்தவில்லை. "ஆனா வெளிய வந்த ரத்தம் உள்ளதானே இருக்கு? அது உடைஞ்சு கரையும்போது மூளைக்கு ஆகாத பொருள் எல்லாம் வரும். அதை அள்ளிப் போட உடம்பு தன்னோட அணுக்களை அனுப்பும். அழற்சின்னு சொல்வோம். காயம் பட்ட இடம் சிவந்து வீங்கும் இல்லையா, அதேதான். கையில வீங்கினா தோல் இடம் கொடுக்கும். மண்டை ஓட்டுக்குள்ள இடம் ஏது? அந்த வீக்கம் நல்லா இருக்கிற பகுதியையும் சேர்த்து அழுத்துது."

வாஷருக்குச் சுவரும், அண்ணனின் உள்ளங்கையும், நாலு நாள் கணக்கும் நினைவுக்கு வந்தன. அந்தக் கணக்கு தெரிந்த ஒரே ஆள் உள்ளே நினைவில்லாமல் கிடக்கிறார்.

"அப்ப சரி பண்ண வந்தவங்களேதான் கெடுக்கிறாங்களா?"

"ஒரு வகையில ஆமா. ஆனா அவங்க வராமலும் முடியாது சார். அந்த ரத்தத்தை அவங்கதான் சுத்தம் பண்ணணும். பின்னாடி காயத்தை ஆத்தறதுலயும் அவங்களுக்குப் பங்கு இருக்கு."

"எனக்கு முட்டி வீங்கினப்போ ஒரே ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டாங்க. ரெண்டே நாள்ல இறங்கிடுச்சு. அதைப் போடுங்களேன்."

"மூளையில ரத்தம் கசிஞ்சவங்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்தாச்சு. பலன் இல்ல, கிருமித் தொற்றுதான் அதிகமாச்சு. வேற மருந்துகளை ஆராய்ச்சி பண்ணிட்டு இருக்காங்க. இன்னிக்கு எடுத்துக் கொடுக்கிற மாதிரி என் கையில எதுவும் இல்ல. தலையை உயர்த்தி வெச்சிருக்கோம். நீரை இறக்க மருந்து போகுது. பிரஷர், சர்க்கரை, காய்ச்சல் மூணையும் கட்டுக்குள்ள வெச்சிட்டுக் காத்திருக்கணும்."

"இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமேம்மா."

"சொன்னேன் சார். அடுத்த ஒரு வாரம் வீக்கம் வரலாம், பேச்சு போகலாம், சொந்தக்காரங்க யாராவது பார்க்கணும்னா வரச் சொல்லுங்கன்னு சொன்னேன். நீங்க சரி சரின்னு தலையாட்டினீங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் அவருடைய மனைவி இருந்தாள், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு. "அந்தப் பொண்ணை வரவேணாம்னு சொன்னீங்களே" என்றாள். குற்றம் சாட்டும் குரலில் சொல்லவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் வலித்தது.

அன்றே வாஷர் போன் போட்டு வரச் சொல்ல, பாப்பா ஆறாம் நாள் வந்து சேர்ந்தாள். பையை வராந்தாவிலேயே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். "அப்பா, நான்தாம்பா" என்று காதருகில் சொன்னாள். அண்ணனின் இமைகூட அசையவில்லை. மறுபடி மறுபடி சொன்னாள். பத்து நிமிடம் முடிந்ததென்று நர்ஸ் தோளைத் தொட்டாள். வெளியே வந்தவள் சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். அவர் முதுகைத் தட்டினார். எப்போதும் அவர் வாயில் தயாராக இருக்கும் நாலு வார்த்தையும் அன்றைக்கு வரவில்லை.

"பேசிட்டு இருந்தப்போ என்னைக் கேட்டாரா சித்தப்பா?"

இப்போது சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். "குழறலா இருந்துச்சுமா. எனக்கு ஒண்ணும் சரியாப் புரியல" என்று வந்தது. ஏன் அப்படிச் சொன்னோம் என்று அவருக்கே விளங்கவில்லை. பயம்தான், வேறென்ன.

அதற்கப்புறம் நாட்களைத் தள்ளுவது மலையைத் தள்ளுவதாக இருந்தது. காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் பார்க்க விடுவார்கள்; மிச்சமெல்லாம் பெஞ்சு. ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் வந்தால் மூளையின் பாடு இன்னும் மோசமாகும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், ஈரத்துணி வைக்கும் நர்ஸையே கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு பாப்பா நின்றாள். வாஷர் ஒவ்வொரு நாளும் டாக்டரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்: "வீக்கம் இறங்கிடுச்சா?" அவளும் ஒரே பதிலைச் சொன்னாள்: "இன்னும் இல்ல சார்." குழாயாக இருந்தால் உடைத்துப் பார்க்கலாம். எந்த இடம் என்று தெரிந்தும், என்ன நடக்கிறது என்று தெரிந்தும், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவர் வாழ்நாளில் பழகாத வேலை.

வராந்தாவின் கடைசியில் கை கழுவும் தொட்டி ஒன்று. அதன் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. பத்தாம் நாள் அவர் பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக் குழாயைக் கழற்றிவிட்டார். வாஷர்தான் தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்றைப் போட்டு முறுக்கிக்கொண்டிருக்கும்போது வார்டு ஊழியர் ஓடிவந்தார்.

"யோவ், யார் உன்னைக் கழட்டச் சொன்னது? ஆஸ்பத்திரிச் சொத்துய்யா இது!"

"சொட்டிட்டு இருந்துச்சுங்க."

"சொட்டினா சொட்டட்டும். அதுக்கு எழுதிப் போட்டு ஆள் வருவாங்க."

"எழுதிப் போட்டு எத்தனை நாளாச்சு?"

"ஆறு மாசம்" என்றார் ஊழியர், கொஞ்சம் இறங்கிய குரலில். பெஞ்சில் இருந்த பாப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த நாளிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான். வாஷரும் சிரித்தார். திரும்பி வந்து உட்கார்ந்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாப்பா பார்க்காமல் இருக்க, பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

பதினைந்தாம் நாள் ஸ்கேனில் வீக்கம் குறையத் தொடங்கியிருந்தது. பதினேழாம் நாள் அண்ணனைச் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். கண் திறந்திருந்தார். நடமாடுபவர்களை அந்தக் கண் பின்தொடர்ந்தது. பாப்பாவின் விரலை இடது கையால் பிடித்துக்கொண்டார், விடவே இல்லை. ஆனால் பேச்சு இல்லை. வாயைத் திறப்பார், ஏதோ தேடுவார், மூடிக்கொள்வார்.

"பேச்சு வருமா டாக்டர்?" என்று பாப்பா கேட்டாள்.

"வரலாம். மாசக்கணக்கா ஆகலாம். முழுசா வராமலும் போகலாம். அந்த அணுக்கள் இப்பதான் குப்பையை அள்ளி முடிச்சிட்டு வருது. அதுக்கப்புறம் மூளை புது வழி கண்டுபிடிக்கணும். தினமும் பயிற்சி கொடுப்போம். எவ்வளவு தூரம்னு மட்டும் என்னால சொல்ல முடியாது."

பாப்பாவுக்குக் கிடங்கிலிருந்து தகவல் வந்துவிட்டது. அவளுக்குக் கொடுத்த லீவு பன்னிரண்டு நாள். திங்கட்கிழமை வராவிட்டால் வேலை இல்லை. பன்னிரண்டு நாளும் அப்பா கண்மூடிக் கிடந்ததற்கே போய்விட்டது. கண் திறந்த மறுநாள் அவள் கிளம்ப வேண்டும். முதலில் சொன்னபடி அன்றே கிளம்பி வந்திருந்தால் பேசியிருக்கலாம். ரெண்டு வாரம் கழித்து வந்திருந்தாலாவது விழித்திருக்கும் அப்பாவோடு இருந்திருக்கலாம். வாஷர் இரண்டையும் கெடுத்துவிட்டார்.

"போகட்டுமா சித்தப்பா? அப்பாவுக்குச் சரியாயிடுமா?" என்று கேட்டாள். எத்தனை வீட்டில் எத்தனை பேர் இதே முகத்தோடு அவரைக் கேட்டிருக்கிறார்கள்!

"தெரியலம்மா" என்றார் அவர்.

மறுநாள் மதியம் வண்டியில் அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, காலைத் தொட அவள் குனிந்தபோது அவருக்குத் தாங்கவில்லை. தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"உன்னைக் கேட்டாருமா."

"என்ன?"

"ரெண்டாம் நாள். நல்லாப் புரியிற மாதிரிதான் பேசினாரு. பாப்பாவுக்குப் போன் போடு, ஒண்ணு சொல்லணும்னாரு. அங்க நடு ராத்திரி, நீ தூங்குவ, நாளைக்குப் பேசிக்கலாம்னு நான் சொல்லிட்டேன்."

அவள் முகம் மெதுவாக மாறியது. பின்னால் வருகிறவர்கள் பெட்டிகளை உருட்டிக்கொண்டு அவர்களைச் சுற்றிப் போனார்கள். அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் தேவலை.

"என்ன சொல்லணும்னு சொன்னாரா?"

"சொல்லல. நான் கேக்கலம்மா."

"என்னை எழுப்பியிருக்கலாமே சித்தப்பா" என்றாள். பெட்டியின் பிடியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் திரும்பிப் பார்ப்பாள் என்று வெகு நேரம் நின்றார்.

ஐந்து மணிக்கு வார்டுக்குத் திரும்பினார். அண்ணனைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தார்கள். அண்ணன் இவர் முகத்தைப் பார்க்கவில்லை; இவருக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். யாரும் வராததைக் கண்டு மறுபடி பார்த்தார்.

"ஊருக்குப் போயிட்டாண்ணே. வேலை" என்றார் வாஷர்.

அண்ணனின் இடது கை எழுந்தது. தடுமாறித் தடுமாறி வந்து தம்பியின் சட்டைப் பையைத் தொட்டது. அதற்குள் போன் இருந்தது. அண்ணன் வாயைத் திறந்தார். தொண்டையிலிருந்து "ப்... ப்..." என்று ஒரு சத்தம் வந்தது. பதினாறு நாளில் பேச்சு மாதிரி வந்த முதல் சத்தம்.

விமானம் கிளம்பி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். அவள் இறங்கப் பதினோரு மணி நேரம் ஆகும். இப்போது பேச முடியாது, நாளைக்குப் பேசிக்கலாம் என்று சொல்வதுதான் சரி, அதுதான் உண்மையும்கூட. வாஷருக்கு அந்த வார்த்தை நாக்கில் எழவில்லை. போனை எடுத்து எண்ணைப் போட்டு அண்ணனின் காதில் வைத்தார். நீங்கள் அழைக்கும் எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்று ஒரு பெண்குரல் திரும்பத் திரும்பச் சொன்னது. அண்ணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கேட்டார். பிறகு அந்தக் குரலிடம், "ப்... ப்..." என்று சொல்லத் தொடங்கினார்.